இறங்கும் விமானம் மட்டம் தவறுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

திருச்சியிலும் மதுரையிலும் ஏறி இறங்கும் செட்டிநாட்டு வாசகர்கள், விமானம் தரையிறங்க வரும்போது சொன்ன உயரத்தைத் தவறவிடுவது பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். விமானத் துறையில் பழகியவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூர்ல இருந்து திருச்சிக்கு வந்தோம். எறங்கிக்கிட்டே வந்த விமானம் திடீர்னு நின்னாப்ல இருந்துச்சு. இன்ஜின் சத்தம் கூடுச்சு, கொஞ்சம் மேலே ஏறுனது மாதிரியும் தெரிஞ்சுச்சு. பக்கத்து சீட்டுக்காரர் "மட்டம் தப்பிருச்சு" என்றார். உண்மைதானா?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: அநேகமாக இல்லை, ஆச்சி. மேலிருந்து ஓடுதளம் வரை ஒரே சறுக்காக இறங்க எப்போதும் வழி கிடைப்பதில்லை. கீழே குறுக்காக இன்னொரு விமானம் போனால், ஏ.டி.சி. எனப்படும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை "11,000 அடியில் நில்லுங்கள்" என்று சொல்லும். அது கடந்ததும் மறுபடி இறங்கச் சொல்லும். இறங்கும்போது இன்ஜின்கள் கிட்டத்தட்ட சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மட்டமாகப் பறக்க வேண்டிய இடம் வந்ததும் வேகம் குறையாமல் இருக்க அவை முறுக்கேறும். நீங்கள் கேட்டது அந்தச் சத்தம். இறக்கம் நிற்கும்போது உடம்பு இருக்கையில் அழுந்தும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதை ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளும். விமானம் மட்டமாகத்தான் போயிருக்கும்.

ஏ.டி.சி. கொடுத்த உயரத்திலிருந்து அனுமதியில்லாமல் 300 அடிக்கு மேல் விலகினால்தான் மட்டம் தவறியதாகக் கணக்கு. துறையில் அதை லெவல் பஸ்ட் என்பார்கள். 29,000 முதல் 41,000 அடி வரையிலான வானத்தில் 200 அடி தாண்டினாலே கணக்கில் வரும். அங்கே முன்பு விமானங்களுக்கு நடுவே 2,000 அடி விட்டிருந்தார்கள். இந்தியாவில் 2003 நவம்பர் முதல் அது 1,000 அடியாகக் குறைந்தது.

திருவரங்கத்து ராஜகோபுரம் சுமார் 236 அடி. 300 அடி விலகல் அதைவிடச் சற்றே அதிகம். மேலும் கீழுமாகப் போகும் இரண்டு விமானங்களுக்கு நடுவே இருப்பது நாலு கோபுர உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 2,000 அடி இறங்கும் விமானம் 300 அடியை 9 விநாடியில் கடந்துவிடும். உண்மையில் மட்டம் தவறினால் பயணிகளுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

கேள்வி: ஆட்டோபைலட் இருக்கும்போது உயரம் எப்படித் தவறும்? அதுவும் இறங்கும்போது ஏன் அதிகக் கவனம் வேண்டும் என்கிறார்கள்?
– பொறியியல் மாணவர், தேவகோட்டை

பதில்: தம்பி, ஆட்டோபைலட் தனக்குக் கொடுத்த எண்ணை அனேகமாகத் தவறவிடாது. அந்த எண் தப்பாகப் போய்ச் சேர்ந்தாலோ, எந்த முறையில் இறங்குகிறோம் என்பதை விமானி தப்பாகப் புரிந்துகொண்டாலோதான் வினை.

எண் போகும் வழியைப் பாருங்கள். கட்டுப்பாட்டாளர் சொல்கிறார், விமானி காதில் வாங்குகிறார், வாயால் திருப்பிச் சொல்கிறார், கையால் குமிழைத் திருகிப் பதிகிறார், கண்ணால் சரிபார்க்கிறார். இந்த ஐந்தில் ஒன்று பிசகினால் போதும். இறங்கும் நேரத்தில் வேலைகள் எல்லாம் ஒன்றாகக் குவியும். வேகம் குறைக்க வேண்டும், வானிலை கேட்க வேண்டும், ரேடியோ அலைவரிசை மாற வேண்டும், காற்றழுத்த அளவை மாற்றிப் பதிய வேண்டும். சில சமயம் கடைசி நேரத்தில் ஓடுதளமே மாறும். இத்தனைக்கும் நடுவே "இடப்பக்கம் திரும்பி ஹெடிங் 110, ஃபிளைட் லெவல் 140, வேகம் 250" என்று ஒரே மூச்சில் திசை, உயரம் (லெவல் 140 என்றால் 14,000 அடி), வேகம் என மூன்று எண் வந்தால், 110 என்ற திசை உயரப் பெட்டியில் போய் உட்கார்ந்துவிட முடியும். நல்ல கட்டுப்பாட்டாளர் இவற்றைப் பிரித்துத்தான் சொல்வார்.

அதிகம் குழம்பும் ஜோடி 10,000 அடியும் 11,000 அடியும். ஆங்கிலத்தில் "ஒன் ஜீரோ", "ஒன் ஒன்" என்று சொல்லும்போது இரைச்சலில் வித்தியாசம் கரைந்துவிடும். லெவல் 100ஐ "ஒன் ஜீரோ ஜீரோ" என்று சொல்லாமல் "ஒன் ஹண்ட்ரட்" என்று சொல்லும் வழக்கம் வந்ததற்கு இந்தக் குழப்பம்தான் காரணம்.

இனி குமிழ். ஏர்பஸ் 320இல் முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள பலகையில் உயரக் குமிழ் இருக்கிறது. அதன் வெளிவளையத்தை 100இல் வைத்தால் ஒரு சொடுக்குக்கு 100 அடி நகரும், 1000இல் வைத்தால் 1,000 அடி. குமிழை உள்ளே அழுத்தினால் விமானக் கணினி தன் திட்டப்படி இறங்கும். வெளியே இழுத்தால் இன்ஜினைத் தணித்துக்கொண்டு உடனே இறங்கத் தொடங்கும். எண்ணைத் திருகிவிட்டு அழுத்தவும் இழுக்கவும் மறந்தால் விமானம் பழைய உயரத்திலேயே போகும். "இந்த இடத்தை 15,000 அடிக்குக் கீழே கடக்க வேண்டும்" என்று வரைபடம் சொல்லும் இடத்தை மேலாகத் தாண்டிவிடும். இதுவும் மட்டம் தவறியதுதான், மேல்பக்கமாக.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. 10,000 அடிக்கு இறங்கச் சொல்லியிருக்கிறார்கள், விமானம் 10,800ஐத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அப்போது "11,000இல் நில்லுங்கள்" என்று உத்தரவு மாறுகிறது. விமானி 11,000 என்று பதிகிறார், வேலை முடிந்ததென்று நினைக்கிறார். ஆனால் அந்த உயரம் இப்போது விமானத்துக்கு மேலே இருக்கிறது. கணினி முறை மாறி, அந்த நொடியில் என்ன வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்ததோ அதே வேகத்தில் தொடர்ந்து இறங்கும். நிறுத்த வேண்டிய இலக்கு கீழே எதுவும் இல்லை. மூன்று முறை சொடுக்கும் சத்தம் கேட்கும், திரையின் உச்சியில் இறக்க முறையின் எழுத்து மாறும். அதனால்தான் குமிழில் பதிந்த எண்ணைப் பார்த்தால் போதாது, திரையின் மேல்வரியில் எந்த முறை ஓடுகிறதென்று படித்து வாயால் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பயிற்சி தருகிறார்கள். அந்த வரியைப் படிக்காத விமானிக்குக் குமிழ் எதையும் காட்டிக்கொடுக்காது.

முறை குழம்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1992 ஜனவரி 20ஆம் தேதி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே நடந்த விபத்தே சாட்சி. 3.3 பாகைச் சரிவில் இறங்க வேண்டிய ஏர்பஸ் 320 நிமிடத்துக்கு 3,300 அடி வேகத்தில் இறங்கி மலையில் மோதியது. 87 பேர் இறந்தார்கள். பெட்டியில் சரிவு "3.3" என்றும் வேகம் "33" என்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரிந்தன. இறக்க முறைகளைக் குழப்பிக்கொண்டதே காரணமாக இருந்திருக்கும் என்பது விசாரணையின் முடிவு. பிறகு இறங்கும் வேகம் நாலு இலக்கமாகத் தெரியும்படி அதை மாற்றினார்கள்.

தடுப்பு முறைகளையும் கேளுங்கள். உயரம் பதிந்ததும் இரண்டு விமானிகளும் விரலால் பெட்டியைச் சுட்டி எண்ணைச் சொல்ல வேண்டும். ஆட்டோபைலட் ஓடும்போது விமானம் ஓட்டுபவர் பதிவார், கையால் ஓட்டும்போது மற்றவர் பதிவார். காதில் வாங்கியதில் இருவருக்கும் ஒரே எண் இல்லையென்றால் தமக்குள் பேசித் தீர்க்கக் கூடாது. ஏ.டி.சி.யிடம் திருப்பிக் கேட்டாக வேண்டும். இலக்குக்கு 1,000 அடி இருக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார். விமான வகையைப் பொறுத்து 750 அல்லது 900 அடி இருக்கும்போது எச்சரிக்கை விளக்கோ ஒலியோ வரும். கடைசி 1,000 அடியில் இறங்கும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் கீழே கொண்டுவருவது நல்லது. அப்படிச் செய்தால் நிறுத்துவதற்குக் குறைந்தது 40 விநாடி கையில் இருக்கும்.

10,000 அடிக்குக் கீழே வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சே காக்பிட்டில் கூடாது என்ற விதியும் இதற்காகத்தான்.

கேள்வி: இப்படி உயரம் தவறி இந்தியாவில் பெரிய விபத்து நடந்ததாக ஐயா சொல்வார்கள். விவரம் வேண்டும்.
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: 1996 நவம்பர் 12. ஹரியானாவில் சர்கி தாத்ரிக்கு மேலே. டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய ஏர்லைன்ஸின் போயிங் 747, 14,000 அடிவரை ஏற அனுமதி வாங்கியிருந்தது. டெல்லிக்கு இறங்கி வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் ஏர்லைன்ஸின் இல்யூஷின் 76 விமானத்துக்கு 15,000 அடியில் நிற்க அனுமதி. எதிரே 14,000 அடியில் விமானம் வருகிறது என்றும் கட்டுப்பாட்டாளர் எச்சரித்திருந்தார். இல்யூஷின் 15,000இல் நிற்காமல் இறங்கி 14,000ஐ ஒட்டி வந்துவிட்டது. இரண்டு விமானங்களிலும் இருந்த 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் மோதி இத்தனை உயிர் போன விபத்து உலகத்தில் வேறில்லை.

நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. இல்யூஷினில் ஏ.டி.சி.யுடன் பேசியவர் தனியாக இருந்த ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரமானி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் உயரம் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடியோவில் கேட்டவர் ஒருவர், விமானத்தை இறக்கியவர் வேறொருவர். நடுவே ஆங்கிலமும் சரியாகக் கைகொடுக்கவில்லை. முந்தைய பதிலில் சொன்ன எண் போகும் வழி இங்கே இன்னும் ஒரு ஆள் நீளமாக இருந்தது. டெல்லியில் அப்போது இருந்த ரேடார் விமானத்தின் இடத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே பாதை.

இதற்குப் பிறகு டெல்லியில் வரும் பாதையையும் போகும் பாதையையும் பிரித்தார்கள், உயரம் காட்டும் ரேடார் வந்தது. இந்திய வானத்தில் பறக்கும் பெரிய விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமானது.

கேள்வி: அந்த மோதல் தவிர்ப்புக் கருவி ஒன்று சொல்லி, ஏ.டி.சி. வேறு சொன்னால் விமானி யார் பேச்சைக் கேட்பார்?
– நாட்டரசன்கோட்டை வாசகி

பதில்: கருவி பேச்சை. அதன் பெயர் டீகாஸ். முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று எச்சரிக்கும். நெருக்கம் கூடினால் "கிளைம்ப்" என்றோ "டிசெண்ட்" என்றோ "லெவல் ஆஃப்" என்றோ கட்டளை வரும். எதிர் விமானத்துடன் கருவிகள் தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் சொல்லும். விமானி ஆட்டோபைலட்டைத் துண்டித்து 5 விநாடிக்குள் அதன்படி செய்து, "டீகாஸ் ஆர்.ஏ." (டீகாஸ் கட்டளை வந்திருக்கிறது) என்று ஏ.டி.சி.க்குச் சொல்ல வேண்டும். 2002 ஜூலை 1ஆம் தேதி ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே ஒரு விமானம் டீகாஸ் சொன்னபடி இறங்கியது. மற்றொன்றுக்குக் கருவி ஏறச் சொல்லியும் அது கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். டீகாஸ் கட்டளைக்குப் பணிந்து உயரம் விலகுவது தவறாகாது.

கேள்வி: புயல் காலத்தில் காற்றழுத்தம் குறைந்தால் விமானத்தின் உயரமானி தப்பாகக் காட்டுமா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: காட்டும், விமானி அளவை மாற்றிப் பதியாவிட்டால். இது மட்டம் தவறும் இன்னொரு வழி. இங்கே எண்ணைச் சரியாகக் கேட்டு, சரியாகப் பதிந்து, சரியாகப் பறந்தும் தவறிப்போகும்.

நம் பக்கத்து வீடு கட்டும் கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். முகப்பில் ஒரு குறி போட்டுவிட்டு, அங்கிருந்து தண்ணீர்க் குழாய் பிடித்து வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் மட்டம் கொண்டுபோவார். முதல் குறி ஒரு விரற்கடை பிசகினால் வீடு முழுக்க அதே அளவு பிசகும், உள்ளே ரசமட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும். உயரமானிக்கு அந்த முதல் குறி காற்றழுத்தம். உயரப் பறக்கும்போது எல்லோரும் 1013.2 ஹெக்டோபாஸ்கல் என்று ஒரே குறியை வைத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பிழை என்பதால் இடைவெளி கெடாது. இறங்கும்போது குறிப்பிட்ட மட்டத்தில் அந்தந்த விமான நிலையத்தின் அன்றைய அழுத்தத்துக்கு மாற வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டி 1 ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 28 அடி. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நிற்கும் நாளில் அழுத்தம் 998 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற மறந்தால் 15 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். கருவி 3,000 அடி என்று காட்டும்போது விமானம் சுமார் 2,580 அடியில் இருக்கும்.

மறப்பது மட்டுமல்ல, எண்ணைத் தப்பாகக் கொடுப்பதும் உண்டு. 2022 மே 23ஆம் தேதி பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் 1001 என்று சொல்ல வேண்டிய அழுத்தம் 1011 என்று சொல்லப்பட்டது. 10 ஹெக்டோபாஸ்கல், அதாவது சுமார் 280 அடி. மழையில் வந்த ஏர்பஸ் 320 ஒன்று, ஓடுதளத்துக்கு இன்னும் சுமார் 0.8 கடல் மைல் இருக்கும்போதே தரைக்கு 6 அடி உயரம்வரை இறங்கி, பிறகு மேலே ஏறித் தப்பியது. அங்கே மரமோ கட்டடமோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

அமெரிக்காவில் பாதரச அங்குலக் கணக்கு. அங்கே பழகியவர் காதில் "நைன் நைன் டூ" என்று விழுந்தால் 29.92 என்று பதிந்துவிட வாய்ப்புண்டு. சொன்னது 992 ஹெக்டோபாஸ்கலாக இருந்தால் விமானம் கருவி காட்டுவதைவிடச் சுமார் 590 அடி தாழ்வாக வரும். ஆகவே அளவின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும், சேர்த்தே திருப்பிச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று கவனியுங்கள். ரேடாரில் கட்டுப்பாட்டாளருக்குத் தெரியும் உயரம் அந்த விமானமே அனுப்புவது. விமானத்தின் காற்றழுத்தத் துளை அடைத்துப்போனால் விமானி, கட்டுப்பாட்டாளர் இருவருமே ஒரே பொய்யைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1996 அக்டோபர் 2ஆம் தேதி பெருவின் லீமாவில் அதுதான் நடந்தது. விமானத்தைக் கழுவும்போது துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டிருந்தார்கள். இருட்டில் கடலுக்குமேல் பறந்த விமானிகள் உயரம் கேட்டபோது ஏ.டி.சி. சொன்னதும் அதே தப்பான எண்தான். 70 பேர் இறந்தார்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் ஒரே ஒரு சொல்லால் விமானம் விழுந்தது என்கிறார்களே?
– புதுவயல் வாசகர்

பதில்: 1989 பிப்ரவரி 19. ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம், அப்போது கோலாலம்பூரின் விமான நிலையமாக இருந்த சுபாங்கில் இறங்க வந்தது. கட்டுப்பாட்டாளர் "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார். 2,400 அடி என்று பொருள். விமானிக்கு அந்த "டூ" எண்ணாகக் கேட்கவில்லை, "வரை" என்று பொருள்படும் "டு" ஆகக் கேட்டது. "ஓக்கே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று 400 அடியைத் திருப்பிச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் அதைத் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் கருவி கத்தியும் இறக்கம் நிற்கவில்லை. 437 அடி உயரத்தில் குன்றில் மோதி, இருந்த 4 பேரும் இறந்தார்கள். "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று முழுசாகச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை. திருப்பிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் கட்டுப்பாட்டாளரின் வேலை. சொன்னதோடு அது முடிவதில்லை.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே திருச்சி விமானங்கள் எவ்வளவு உயரத்தில் போகும்? கணக்குப் போட முடியுமா?
– பள்ளி ஆசிரியை, கோட்டையூர்

பதில்: தாராளமாக. விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் இறங்கும். இறங்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடியில் எடுத்து 3ஆல் பெருக்கினால், எத்தனை கடல் மைலுக்கு முன் இறங்கத் தொடங்க வேண்டும் என்று கிடைக்கும். வேகம் குறைக்க 10 சேர்த்துக்கொள்ளுங்கள். 35,000 அடிக்கு 105, அதோடு 10, ஆக 115 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், எனவே சுமார் 213 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம் நாகப்பட்டினக் கரையைத் தொடுவதற்கு முன்பே, கடல்மேல் இறங்கத் தொடங்கிவிடும்.

கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போடும் நேர்கோடு காரைக்குடிக்குச் சற்றுக் கிழக்கே போகிறது. அங்கிருந்து திருச்சி ஓடுதளம் சுமார் 44 கடல் மைல். 10ஐக் கழித்து 3ஆல் வகுத்தால் 11,000 அடி சொச்சம். ஏ.டி.சி. வேறு உயரம் சொல்லியிருந்தால் மாறும். ஓடும் வேகம் 280 நாட் (மணிக்கு 280 கடல் மைல்) என்றால் அதை 5ஆல் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 1,400 அடி இறங்கினால் சரிவு சரியாக இருக்கும். மாணவர்களுக்கு நல்ல வீட்டுக்கணக்கு.

கேள்வி: மட்டம் தவறிவிட்டது என்று விமானிக்குத் தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? பைலட் பயிற்சிக்குச் சேரப்போகிறேன்.
– காரைக்குடி மாணவி

பதில்: டீகாஸ் கட்டளை இருந்தால் முதலில் அது. இல்லையென்றால் விலகலை உடனே நிறுத்தி, சொன்ன உயரத்துக்கு நிதானமாகத் திரும்ப வேண்டும். பதறி இழுத்தால் மறுபக்கம் தாண்டிவிடும், மேலே இன்னொரு விமானமும் இருக்கலாம். ஆட்டோபைலட் என்ன செய்கிறதென்று புரியவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் துண்டித்துவிட்டுக் கையால் மட்டம் பிடிக்க வேண்டும். பிறகு ஏ.டி.சி.யிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் பக்கத்து விமானத்தை நகர்த்தும் நேரம் அவர்களுக்குப் போய்விடும். இரண்டு உயரமானிகளையும் மாற்று உயரமானியையும் ஒப்பிட்டு, அழுத்த எண்ணை மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

தரையிறங்கியதும் அறிக்கை எழுத வேண்டும்: எந்த உயரம் கேட்டது, எது பதிந்தது, எந்த முறை ஓடியது, யார் முதலில் கண்டார். காக்பிட் குரல்பதிவுக் கருவி பல விமானங்களில் கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும், பழையதன்மேல் புதியது பதிந்துவிடும். விமானத்துக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் நடந்தது அழிந்துபோகும். அதனால் பெரிய சம்பவம் என்றால், இன்ஜின் நிறுத்தியதும் நிறுவன விதிப்படி அந்தக் கருவியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு, இழுத்த நேரத்தைத் தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் விமானத்தைவிட்டு இறங்க வேண்டும்.